மூன்றாவது பை ரத்தம் கேட்டு நாங்கள் போட்ட சண்டை

கோத்தகிரி உறுப்பினர்:

என் மாமனார் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டியவர். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்கி வந்ததில் இரைப்பை புண்ணாகி, ஒரு மார்கழி மாலையில் தார் போல மலம் போய் மயங்கி விழுந்தார். ஊட்டியில் சேர்த்தபோது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 5.6 கிராம்தான் இருந்தது.

ரத்த வங்கியிலிருந்து பையை வாங்கி வந்த என் மைத்துனர், ஐஸ் போலக் குளிர்ந்த ரத்தம் வயதானவர் உடம்புக்கு ஆகாது என்று எண்ணி, அதை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அதைக் கண்ட செவிலியர் பதறிப்போய், "என்ன தம்பி இது, 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டியதைச் சூடாக்கினால் கிருமி வளருமே!" என்று அந்தப் பையை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வரவழைத்தார். அன்று எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது.

இரண்டு பைகள் ஏற்றி, எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்ப்பது) மூலம் கசிவையும் அடைத்த பிறகு அளவு 7.7 ஆனது. ஒரு பைக்குச் சுமார் 1 கிராம் கூடும் என்ற கணக்கு அப்படியே பொருந்தியது. மூன்றாவது பைக்கு ஆள் தயாராக இருந்தும் மருத்துவர் ஏற்ற மறுத்தார். கசிவு நின்றுவிட்டது, இதயக் கோளாறு இல்லை, அளவுக்கு மீறினால் இந்த வயதில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று அவர் பொறுமையாகச் சொன்னதை, இருப்பு இல்லாததற்குச் சொல்லும் சாக்கு என்றே நினைத்துக் குரலை உயர்த்தினேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

பார்சிலோனாவில் இதே போன்ற ரத்தக் கசிவுள்ள 921 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர்தான் படித்தேன். 7க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 95 சதவீதத்தினரும், 9க்குக் கீழே இறங்கியதுமே ஏற்றப்பட்டவர்களில் 91 சதவீதத்தினரும் ஆறு வாரங்களுக்குப் பின் உயிரோடு இருந்தார்கள். மறுபடி கசிவு கண்டதும் இரண்டாவது பிரிவில்தான் அதிகம். ஆனால் 5.6இல் கிடந்தவரைக் காப்பாற்றியது அந்த இரண்டு பைகள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாமனார் ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மீதியை இரும்புச்சத்து மாத்திரை பார்த்துக்கொண்டது.

கூடலூர் உறுப்பினர் (ஓய்வு பெற்ற செவிலியர்):

உங்கள் மைத்துனரைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஐயா. எங்கள் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருப்பதால் நாங்கள் இன்னும் எச்சரிக்கையாக இருப்போம். அவர்களுக்கு ஹீமோகுளோபினை 10க்கு மேல் ஏற்றிவிட்டால் ரத்தம் தடித்து, நோவு கூடிவிடும். முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகராமல் நாடியும் காய்ச்சலும் பார்ப்பது எல்லோருக்கும் பொது. ஆனால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வாரம் கழித்துக்கூட ஒவ்வாமல் போகலாம் என்பதால், சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே வரச் சொல்லி, ரத்தம் ஏற்றிய தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்துத்தான் ஜீப்பில் ஏற்றிவிடுவேன்.