கழுத்து வலிக்கு ஷ்ரக் போடச் சொன்ன மேதை யார்?

இரும்புக்கை:
"கழுத்து வலியா? ஷ்ரக் போடுங்கள், சரியாகிவிடும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். ஷ்ரக் என்றால் கையில் பாரத்தைப் பிடித்துக்கொண்டு தோளைக் காதை நோக்கி உயர்த்துவது. கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற ட்ரெப்ஸில் (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற தசை) இன்னும் பாரம் ஏற்றுவதா மருந்து? ஷ்ரக்கை நிறுத்து, தோளைக் கீழே இறக்கு, ரோவிங் (பாரத்தை உடம்பை நோக்கி இழுப்பது) போடு. அவ்வளவுதான் விஷயம். பல வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன், கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற பையன்கள் எல்லோரும் ஷ்ரக் பைத்தியங்கள்தான்.

மெல்லத்தூக்கு:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். "கனத்தைக் குறைத்து, வலி கூடாத அளவில்" என்று அடுத்த வரியிலேயே இருந்ததே, அதை ஏன் வெட்டினீர்கள்?
2008-ல் டென்மார்க்கில் வெளியான ஆய்வு இருக்கிறது. ட்ரெப்ஸ் வலி உள்ள பெண்களில் ஒரு குழுவுக்குத் தோள், கழுத்துத் தசைகளுக்கான எடைப்பயிற்சி. ஷ்ரக்கும் அதில் உண்டு. வாரத்துக்கு 3 முறை, 20 நிமிடம், 10 வாரம். இன்னொரு குழுவுக்கு சைக்கிள். எடை தூக்கியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. சைக்கிள் குழுவுக்கு ஓட்டி முடித்த கையோடு கொஞ்சம் குறைந்தது, அதோடு சரி.

இரும்புக்கை:
மேசை வேலை பார்க்கிற பெண்கள்! நான் பேசுவது பளு தூக்குகிறவர்களைப் பற்றி. அரைக் கிலோ டம்பெல்லை ஆட்டியிருப்பார்கள், அதைக் கொண்டுவந்து இங்கே காட்டுகிறீர்கள்.

மெல்லத்தூக்கு:
படிக்காமலே பதில். 12 தடவைக்கு மேல் தூக்க முடியாத கனத்தில் ஆரம்பித்து, போகப்போக 8 தடவைக்கு மேல் முடியாத கனம் வரை ஏற்றினார்கள். அரைக் கிலோவில் உங்களுக்கு 8-லேயே கை ஓய்ந்துவிடுமா?

நாலாவது_செட்:
ஒரு நிமிடம். எந்தக் கழுத்து வலி என்று யாராவது சொல்லுங்களேன். பாதிப் பேர் ட்ரெப்ஸ் என்று தொட்டுக் காட்டுகிற இடம் தோள்பட்டை எலும்பின் மேல் மூலை. அங்கே முடிகிற தசை கழுத்தின் முதல் நான்கு எலும்புகளிலிருந்து வருகிறது, அது வேறு தசை. கையில் மரமரப்பு, பிடி நழுவுவது, நடையில் தள்ளாட்டம் என்று ஏதாவது இருந்தால் ஷ்ரக்கும் வேண்டாம் ரோவிங்கும் வேண்டாம், முதலில் மருத்துவர்.

இரும்புக்கை:
எந்த வலியாக இருந்தால் என்ன, ஷ்ரக் கூடாது. சரி, இப்போதுதான் அந்த ஆய்வைப் பார்த்தேன். ஒற்றைக் கை ரோவிங்கும் அதில் இருக்கிறது! அப்புறம் என்ன? வலியைக் குறைத்தது ரோவிங். நான் முதலிலேயே சொன்னது.

மெல்லத்தூக்கு:
ஒரு மணி நேரம் முன்பு அது மேசைப் பெண்கள் ஆய்வு, செல்லாது. இப்போது உங்களுக்கே சாட்சியா? அதே நாட்டில் 2011-ல் இன்னொன்று வந்தது. ரப்பர் பட்டையைப் பக்கவாட்டில் தூக்குவது மட்டும்தான் பயிற்சி. தினம் 2 நிமிடம் ஒரு குழு, 12 நிமிடம் ஒரு குழு. இரண்டிலும் வலி குறைந்தது. ரோவிங்கே கிடையாது.

இரும்புக்கை:
அதில் ஷ்ரக்கும் கிடையாதே தம்பி.

மெல்லத்தூக்கு:
கையைப் பக்கவாட்டில் தூக்கினால் மேல் ட்ரெப்ஸ் வேலை செய்யும். பயிற்சியாளருக்கு இது தெரியாதா? போகட்டும், தரையில் கிடக்கிற கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்டில் கம்பியோடு நிமிர்ந்து நிற்கும்போது உங்கள் ட்ரெப்ஸ் என்ன செய்கிறது, தூங்குகிறதா? ஷ்ரக்கைவிட அதில் கனம் அதிகம். டெட்லிஃப்டையும் நிறுத்தச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இரும்புக்கை:
டெட்லிஃப்ட் வேறு, ஷ்ரக் வேறு. டெட்லிஃப்டில் தலையை நிமிர்த்தி எதிரே கண்ணாடியைப் பார்த்தால் முதுகு தானாக நேராகும், கழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

கம்பிமேல்கை:
ஐயோ, அந்தக் கண்ணாடிதானே பிரச்சினையே! குனிந்த நிலையில் எதிரே பார்க்கக் கழுத்தைப் பின்னால் மடக்க வேண்டும், அந்த மடிப்போடுதான் மொத்தக் கனத்தையும் இழுக்கிறார்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையைப் பார்த்தால் போதும். கம்பியைச் சுமந்தபடி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் அதைக் கழுத்தடியில் துருத்தி நிற்கிற எலும்பு மேலேயே வைக்கிறார்கள். அதற்குக் கீழே சதை மேல் வைக்க வேண்டும். கம்பியில் தொங்கி ஏறும் புல்லப்பில் தாடையை எட்டி நீட்டி 'தொட்டுவிட்டேன்' என்பது தனிக் கூத்து.

இரும்புக்கை:
இவர் வந்துவிட்டார். எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றிய விவாதத்தில் பாதியில் ஓடியவர்தானே?

கம்பிமேல்கை:
ஓடவில்லை. மூச்சு அடக்கினால் வயிற்றில் அழுத்தம் ஏறும், பெல்ட் அதற்கு ஒரு தாங்கல் என்று எழுதினேன். நீங்கள்தான் பதிலுக்கு உங்கள் தொடைப் படத்தைப் போட்டீர்கள்.

நாலாவது_செட்:
அந்தப் படம் எனக்கும் நினைவிருக்கிறது. யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. வலி எந்த வகை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

இரும்புக்கை:
பொறாமை. முடிந்தவன் தூக்குகிறான், முடியாதவன் ஆய்வு தேடுகிறான். ஷ்ரக் போடும்போது தோளை வட்டமாகச் சுழற்றுகிறார்களே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மெல்லத்தூக்கு:
சுழற்றச் சொன்னது யார்? பாரம் நேராகக் கீழே இழுக்கிறது, சுழற்றி ஒரு லாபமும் இல்லை என்று போன மாதமே எழுதினேன். அதையும் நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். டெட்லிஃப்ட் கேள்விக்குப் பதில் எங்கே?

இரும்புக்கை:
பதில் சொல்லியாகிவிட்டது. டெட்லிஃப்ட் வேறு, ஷ்ரக் வேறு. "சரியாகிவிடும்" என்று எழுதினீர்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

மெல்லத்தூக்கு:
அடுத்த வரியோடு சேர்த்து எழுதினேன்.

இரும்புக்கை:
ஆக, எழுதினீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிமேல்கை:
இரும்புக்கை இந்த வாரம் எத்தனை செட் ஷ்ரக் போட்டார் என்று யாராவது கேளுங்கள். அவருடைய இணையப் பக்கத்தில் போன வாரம் ஏற்றிய வீடியோவில் கையில் இருப்பது காய்கறிப் பையா?

இரும்புக்கை:
அது ஃபார்மர்ஸ் வாக், கையில் பாரத்தோடு நடக்கிற பயிற்சி. வித்தியாசம் தெரியாதவர்களோடு என்ன பேசுவது. ஷ்ரக் கூடாது.