மார்பிளில் குத்துவிளக்குத் தேய்த்த கதை: நீங்கள் எந்த அறைக்கு என்ன தரை போட்டீர்கள்?

ஹொரமாவிலிருந்து:

பெங்களூருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. முதலில் வாங்கிய ஃப்ளாட்டில் பில்டர் எல்லா அறைக்கும் ஒரே ஐவரி நிற விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். பூஜையறையை மட்டும் நாங்களே பெயர்த்து வெள்ளை மார்பிள் போட்டோம். சாமி அறை பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் யோசனை.

கார்த்திகைக்கு முதல் நாள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். குத்துவிளக்கைக் கழற்றி, ஊறவைத்த புளியோடு பூஜையறையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். விளக்கு தங்கமாக மின்னியது. மறுநாள் காலையில் பார்த்தால் தரையில் அடித்தட்டு அளவுக்கு மங்கலாக ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தெறிப்புகள். புளிக்கறை என்று நினைத்து, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுத்துவந்து ஊற்றினேன். சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி நுரைத்தது. துடைத்தபோது வட்டம் இல்லை, அதைவிடப் பெரிதாக ஒரு தீவு இருந்தது. தடவினால் சாக்பீஸ் மாதிரி சொரசொரப்பு.

பாலிஷ் போட வந்தவர் ஓசூர்க்காரர். குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது கறை இல்ல. கல்லே கரைஞ்சிருக்கு" என்றார். மார்பிள் சுண்ணாம்புக்கல் வழி வந்தது. புளி, எலுமிச்சை, ஆசிட் எது பட்டாலும் மேல்பரப்பை அரித்துவிடும். கறையை எடுக்கலாம், அரிப்பை அரைத்துத்தான் எடுக்க முடியும். பூஜையறைக்குப் போய் இதைப் போட்டோமே என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

இப்போது லிங்கராஜபுரத்தில் மாமனாரின் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம். ஷோரூமில் கேட்டால் எல்லாமே நல்லது என்கிறார்கள். அதனால் நீங்கள் கையைச் சுட்டுக்கொண்ட கதையைச் சொல்லுங்கள்.

அல்சூரிலிருந்து:

தம்பி, எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ரெட் ஆக்ஸைடு தரை, சிமெண்டில் காவிப் பொடி கலந்து போடுவது. நான் பிறப்பதற்கு முன்னால் போட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை பாட்டி தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்ப்பார். முகம் தெரியும் என்று சொன்னால் மிகையாகிவிடும், ஆனால் ஜன்னல் கம்பி தெரியும். வெயில் காலத்தில் பாய்கூட இல்லாமல் படுப்போம்.

நான்கு வருடத்துக்கு முன் பின்பக்கம் ஒரு அறை சேர்த்தோம். அங்கும் அதே தரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மூன்று மேஸ்திரிகள் "அதெல்லாம் இப்ப யாரும் போடறதில்ல மேடம், டைல்ஸ் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவதாக வந்தவர் தர்மபுரிப் பக்கம், அறுபதைத் தாண்டியவர். சிமெண்டையும் காவிப் பொடியையும் காய்ந்த நிலையிலேயே கலந்து, மூன்று தடவை சலித்தார். ஒரு கலவையில் பொடி கூடி மறு கலவையில் குறைந்தால் தரை திட்டுத் திட்டாகிவிடுமாம். கான்கிரீட்டின் மேல் மெல்லிய பூச்சாக இழுத்து, அது இறுகும் பதம் பார்த்து, பலகை மேல் முட்டிபோட்டு மணிக்கணக்கில் கரணையால் அழுத்தித் தேய்த்தார். பதம் தப்பினால் அடுத்த நாள் கெஞ்சினாலும் பளபளப்பு வராது. அப்புறம் சுற்றிலும் மண்கரை கட்டி ஒரு வாரத்துக்கும் மேல் தண்ணீர் நிற்க வைத்தார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய அறையும் புதிய அறையும் சேரும் இடத்தில் முடிபோல ஒரு விரிசல் விட்டது. பழையது கன்றிய சிவப்பு, புதியது செங்கல் சிவப்பு. ஒன்றோடொன்று சேரவே இல்லை. பெரிய ஹாலாக இருந்தால் நடுநடுவே கண்ணாடிப் பட்டி வைத்துக் கட்டம் பிரித்துப் போடச் சொல்லுங்கள், விரிசல் கட்டுப்படும். காலையில் சாய்வெயில் விழும்போது அவருடைய கரணை போன அரைவட்டங்கள் தெரிகின்றன. என் வீட்டுக்காரர் அதைக் குறை என்கிறார். நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, கோலம். ஐவரி டைல்ஸில் அரிசிமாக் கோலம் போட்டால் போட்டவருக்கே கண்ணுக்குத் தெரியாது. பூஜையறைக்குக் கறுப்போ சிவப்போ பாருங்கள்.

ஜே.பி. நகரிலிருந்து:

பாத்ரூம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் பணப் பிரச்சனை, இது எலும்புப் பிரச்சனை. சுவருக்கு வாங்கிய பளபள டைலையே தரைக்கும் போட்டோம், ஜோடி சேரும் என்று. எண்ணெய் தேய்த்துக் குளித்த ஒரு சனிக்கிழமை மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அதற்கப்புறம்தான் டைலுக்கு ஆர்9 முதல் ஆர்13 வரை வழுக்கல் தரம் இருப்பதே எங்களுக்குத் தெரியும். எண் கூடக்கூடப் பிடிப்பு அதிகம். பயத்தில் ஆர்12 போட்டோம். இப்போது துடைப்பத்தின் நார் அதில் சிக்குகிறது, போர் தண்ணீரின் உப்பு பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது, வாரா வாரம் பிரஷ்ஷோடு உட்கார வேண்டியிருக்கிறது. ஆர்10 அல்லது ஆர்11 போதுமானது என்பது என் அபிப்பிராயம். சின்ன டைலாகப் போட்டால் இடைக்கோடுகள் அதிகம், கால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

வாட்டத்தை, அதாவது தண்ணீர் வடியும் சரிவை, விட்டுவிடாதீர்கள். மேஸ்திரி கணக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரை மூலையில் கொட்டிப் பாருங்கள். எங்களுக்குக் கதவோரம் இன்னமும் ஒரு குட்டை நிற்கிறது.

மத்திகெரேயிலிருந்து:

ஹொரமாவு சார், பழைய வீடு என்கிறீர்களே, கீழே இருப்பது மொசைக்கா? ஆம் என்றால் பெயர்க்காதீர்கள், அதன் மேல் டைல்ஸும் ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன். உடைக்கிற தூசி இல்லை, நான்கு நாளில் முடியும் என்றார்கள். முடிந்தது. தரை முக்கால் அங்குலம் ஏறியதில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஆறு கதவையும் கழற்றி அடியை இழைத்தோம். தேக்குக் கதவுகள், வயிறு எரிந்தது.

அது போகட்டும். இரண்டாவது ஏப்ரலில் ஒரு மத்தியானம் ஹாலில் 'படார்' என்று சத்தம். சிலிண்டர் என்று நினைத்து வெளியே ஓடினோம். வந்து பார்த்தால் நடு ஹாலில் இரண்டு டைல்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கூடாரம் மாதிரி நிற்கின்றன. இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டியிருந்தார்கள், சுவரோரமும் இடம் விடவில்லை. வெயிலில் விரிந்தால் அது எங்கே போகும்? போதாக்குறைக்கு அடியில் பசையை நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை உருண்டையாக வைத்திருந்தார்கள். விட்ரிஃபைட் டைல் நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீர்கூடக் குடிக்காது. ஓரத்தில் பல் வெட்டிய கரணையால் பசையை முழுக்க இழுத்து ஒட்டினால்தான் நிற்கும். ஒட்டிய மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டுங்கள். 'டொக்டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் அப்போதே பெயர்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஆள் கிடைக்கமாட்டார். அப்புறம், இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். ஒரே பெயர், ஒரே எண் என்றாலும் அடுத்த பேட்ச் நிறம் மாறித்தான் வரும். கூடாரம் நின்ற இடத்தில் எங்களுக்கு இரண்டு டைல் வேறு நிறம். விருந்தாளி வந்தால் அதன் மேல் டீபாயைத் தள்ளிவிடுவோம்.

மாடியில் இருக்கும் என் அண்ணன் மொசைக்கை மெஷின் வைத்து அரைத்து மறுபாலிஷ் போட்டுக்கொண்டார். வீடு முழுக்கச் சுண்ணாம்புச் சேறு மாதிரி வழிந்தது உண்மை, ஆனால் உள்ளே புதைந்திருந்த கல்துணுக்குகள் புத்தம் புதிதாக வெளியே வந்துவிட்டன. செலவு என்னுடையதில் பாதிகூட இல்லை.

சர்ஜாபூர் ரோட்டிலிருந்து:

டிசம்பர் குளிரில் காலை ஐந்தரைக்கு டைல்ஸில் கால் வைப்பது தண்டனை. அதனால் படுக்கையறைக்கு மரம் மாதிரி லேமினேட் போட்டோம். ஒரு மே மாத மழைக்குப் பால்கனிக் கதவைச் சாத்த மறந்தோம். அடுத்த வாரம் பலகை ஓரங்கள் அப்பளம் மாதிரி உப்பிவிட்டன. உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள், தண்ணீர் போனால் திரும்பாது. அடுத்து எஸ்.பி.சி. போட்டோம், கல்பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. தண்ணீருக்கு அசையவில்லை. ஆனால் அடித்தரையைச் சமப்படுத்தாமல் விரித்ததால் கட்டிலுக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் 'டிக்' என்று சத்தம் வரும். இருட்டில் அதுதான் எனக்கு அடையாளம்.

மல்லேஸ்வரத்திலிருந்து:

முதல் பதிவைப் படித்ததும் பெருமூச்சு விட்டேன். என் சொந்த ஊர் காரைக்குடி. வராந்தாவுக்கு ஆத்தங்குடிக் கல் லாரியில் வரவழைத்தேன். அது சூளையில் சுடாத கல். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் கலவை வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டுச் செய்வது. கண்ணாடிதான் அதற்குப் பாலிஷ். ஊரிலிருந்தே ஆள் வந்து பதித்தார். எல்லாம் முடிந்து, குடிபோவதற்கு முன்னால் வீட்டைக் கழுவ ஒரு கூட்டத்தை வைத்தோம். சிமெண்டுத் துளிகளை எடுக்கிறேன் என்று அவர்கள் ஆசிட்டை ஊற்றிவிட்டார்கள். சிமெண்டுக் கல்லில் ஆசிட்! மயில்நீலம் சாம்பலாகிவிட்டது. திட்டி என்ன பயன், அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மூன்று வருடமாகத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கிறேன். முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. நடக்க நடக்க மெருகேறும் என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்பித்தான் பேரப்பிள்ளைகளை அங்கேயே ஓடவிடுகிறேன்.

மறுபடி ஹொரமாவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வீட்டைத் தோண்டிப் பார்த்தோம், கீழே மொசைக்தான். ஹாலையும் இரண்டு அறைகளையும் மறுபாலிஷுக்கு விட்டாயிற்று. சமையலறைக்கு ஜிகணியில் கிரானைட் பார்த்தோம். மனைவி பளபளக் கறுப்பைக் கேட்டாள். நான் கடையிலேயே ஈரக் காலோடு அதன் மேல் நடந்து காட்டினேன். அத்தனை தடமும் தெரிந்தது, சாம்பல் நிறத்துக்கு இறங்கிவந்தாள். பின்கட்டுக்கு சாதஹள்ளிக் கல். அதுவும் கிரானைட்தான், புளிக்கு அசையாது. அம்மாவுக்கு விளக்குத் தேய்க்கும் இடம் அது என்று போனில் சொல்லிவிட்டேன். "பூஜையறைக்கும் அதையே போட்டுத் தொலையேன்டா" என்றார்.

பூஜையறைக்கு ரெட் ஆக்ஸைடு என்று முடிவு. அல்சூர் அக்கா, அந்த மேஸ்திரி இன்னும் வேலைக்கு வருகிறாரா?

அல்சூரிலிருந்து:

வருகிறார் தம்பி. கேட்டுவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்துதான் கரணையைத் தொடுவாராம். காவிப் பொடியை நீங்கள் வாங்கிவைக்க வேண்டாம், அவரே வாங்கிக்கொள்வார்.