யானிஸ் பஞ்சாயத்து

தம்பி: நான் போட்ட யானிஸ் வீடியோ, அந்த அமெரிக்க NBA கூடைப்பந்து ஆட்டம், பார்த்தீர்களா எல்லாரும்? பாதிக் கோர்ட்டில் பந்தை வாங்கியவன் நாலே எட்டில் ரிம்முக்கு, அதான் கூடை வளையத்துக்கு, போய்விட்டான். ஆனாலும் யானிஸ் எப்பப் பார்த்தாலும் இதே ஆட்டம்தான். வெளியே நின்று த்ரீ (மூணு பாயிண்ட் ஷாட்) போடவும் கற்றுக்கொண்டால் அவனை யார் நிறுத்துவது?

சித்தப்பா: த்ரீயா? 2013-ல் NBA-வுக்கு வந்ததிலிருந்து மொத்தக் கணக்கு 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லைடா. அவன் வெளியே நின்று எறிந்தால் எதிரணிக்குக் கொண்டாட்டம், "போடு ராஜா போடு" என்று விலகி நிற்பார்கள்.

அக்கா: 2023-24-ல் சராசரி 30.4 பாயிண்ட், எறிந்ததில் 61.1 சதவீதம் உள்ளே. 30 பாயிண்டும் 60 சதவீதமும் ஒரே சீசனில் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. இதில் உனக்கு என்ன குறை?

தம்பி: 2019-ல் டொராண்டோ அணியோடு ஆடிய பிளே ஆஃப் தொடர் ஞாபகம் இருக்கா அக்கா? முதல் ரெண்டு ஆட்டமும் ஜெயித்து, அடுத்த நாலும் போச்சு. முன்னால் அவர்கள் ஆள் கவாய் லெனர்ட், அவனைத் தாண்டினால் பெயிண்ட்டுக்குள், அதான் கூடைக்கு முன்னால் இருக்கிற கட்டத்துக்குள், இன்னும் ரெண்டு பேர் சுவர் மாதிரி. முட்டிக்கொண்டே இருந்தான்.

நான்: சுவர் இருக்கட்டும், என் வயிற்றெரிச்சல் வேறு. 2023-ல் மயாமியிடம் தொடர் தோற்ற அந்த ஐந்தாவது ஆட்டம். 38 பாயிண்ட், 20 ரீபவுண்ட் (தவறி வந்த பந்தைப் பிடித்தது), சரி. ஃபவுலுக்குக் கிடைக்கிற ஒரு பாயிண்ட் ஃப்ரீ த்ரோ 23-க்கு 10! ஓவர்டைமில் 128-126 என்று போனது. 13 தவறியதில் மூணு விழுந்திருந்தால் போதும், டிவியைப் பார்த்துக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மாமா: யாரும் மறிக்காமல், சும்மா நின்று போடுவதற்கு இந்தப் பாடா

அக்கா: ஆனால் கணக்குப் போட்டுப் பார். ஆட்டத்துக்குச் சுமார் பத்து ஃப்ரீ த்ரோ. 65 சதவீதம் 75 ஆனால் கூடக் கிடைப்பது ஒரு பாயிண்ட். அதற்கா இவ்வளவு?

சித்தப்பா: அங்கேதான் கணக்கு ஏமாற்றும். ஒரு பாயிண்ட் என்பது சராசரி. நெருக்கமான ஆட்டத்தில் கடைசி ரெண்டு நிமிஷம் என்ன நடக்கும்? அவன் உள்ளே வந்தால் கூடைக்குப் பக்கத்தில் சுலபமாகப் போடும் லே-அப்பை விடுவதைவிட ஃபவுல் பண்ணுவது லாபம் என்று எதிரணிக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரியும், அப்புறம் பந்து வேறு கைக்குப் போகும். முப்பது பாயிண்ட் போடுகிறவன் அந்த நேரத்தில் ஸ்கிரீன் போட்டுக்கொண்டு, அதான் கூட ஆடுபவனுக்காக எதிராளியை மறித்துக்கொண்டு, நிற்பான். த்ரீ கற்றுக்கொள்ள வேண்டாம், இந்த ஃப்ரீ த்ரோவைச் சரி செய்தாலே அந்தச் சுவருக்கும் பாதி வைத்தியம், ஏனென்றால் இடித்து மறித்தால் ரெண்டு பாயிண்ட் நிச்சயம் என்று பயம் வரும்.

தம்பி: வராது என்றுதான் விட்டுவிட்டானோ என்னவோ

சித்தப்பா: 22 வயதில் ஃப்ரீ த்ரோவில் 77 சதவீதம் போட்டவன்டா அவன். 2024-25-ல் 61.7. கை மறந்துபோகவில்லை, யோசனை கூடிவிட்டது. பந்தைத் தட்டி, மூச்சு விட்டு, ரிம்மைப் பார்த்து, மறுபடி தட்டி... பத்து விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது விதி. 2021 பிளே ஆஃபில் வெளியூர்க் கூட்டம் ஒன்று, ரெண்டு என்று சத்தமாக எண்ணும், இவன் தோள் இறுகிப் பந்து தட்டையாகப் போய் ரிம்மின் முன்பக்கத்தில் மோதும்.

அத்தை: ஐயோ பாவம், அப்படி எண்ணினால் எனக்குக் காபிகூட ஆற்ற வராது

மாமா: எண்ணாவிட்டாலும் அப்படித்தான் 😂

அக்கா: மிட் ரேஞ்சை ஏன் யாரும் பேசவில்லை? 2024-25-ல் த்ரீயை ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் கீழே குறைத்துவிட்டு, பெயிண்ட்டுக்குக் கொஞ்சம் வெளியே நின்று எழும்பிப் போட்டான், நன்றாகவே விழுந்தது. என்னைக் கேட்டால் அவனுக்கு அதுதான் சரியான வழி.

நான்: அதையும் சேர்த்துக்கொள். ஆனால் அதே யானிஸ்தான் 2021 ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டத்தில் 50 பாயிண்ட், ஃப்ரீ த்ரோ 19-க்கு 17. கோப்பையே அதில்தான் வந்தது.

தம்பி: அந்த ஆட்டம் முழுசாக இருக்கிறது என்னிடம். இப்பவே போடுகிறேன், அந்த ரெண்டு எப்படித் தவறியது என்று பார்க்க வேண்டும்

சித்தப்பா: ரெண்டை விடு. 17-ஐப் பார், எத்தனை தடவை பந்தைத் தட்டுகிறான் என்று எண்ணிச் சொல்லு