ஃபெலனோப்சிஸ் ஆர்க்கிட்: தண்ணீர் ஊற்றியும் இலைகள் சுருங்குவது ஏன்?

கேள்வி (புதுத்தளிர்):

அனைவருக்கும் வணக்கம். பூத்திருந்த நிலையில் வாங்கிய ஃபெலனோப்சிஸ் ஆர்க்கிட் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பூக்கள் உதிர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. இப்போது அடியிலைகள் தளர்ந்து, நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, கையில் எடுத்தால் துவண்டு தொங்குகின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றி வருகிறேன். சுருக்கம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும் செடியை, அழகுக்காக ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி, சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். இதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (வேர்விரும்பி):

வணக்கம். இலை சுருங்குவது, செடிக்குள் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஏன் சேரவில்லை என்பதை வேரைப் பார்த்தால்தான் அறிய முடியும். வேர்கள் காய்ந்துபோனாலும் இலை சுருங்கும், அழுகிப்போனாலும் அதே போலத்தான் சுருங்கும். இவ்வளவு அடிக்கடி ஊற்றியும் நிலைமை மோசமாகிறது என்பதால், இது அழுகலாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். ஆகவே தண்ணீரை நிறுத்திவிட்டு, செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள்.

ஃபெலனோப்சிஸ் காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடி. அதன் வேரைச் சுற்றி வெலமன் எனப்படும் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பட்டவுடன் நீரை உறிஞ்சிக்கொண்டு, பிறகு காற்றில் உலர்வது அதன் இயல்பு. எப்போதும் ஈரத்திலேயே கிடந்தால் காற்றோட்டமின்றி வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். நல்ல வேரை அழுத்தினால் கெட்டியாக இருக்கும். காய்ந்திருக்கையில் வெள்ளிச் சாம்பல் நிறமாகவும், நனைந்தால் பச்சையாகவும் தெரியும். அழுகிய வேரோ பழுப்பாகக் குழைந்திருக்கும். இரு விரலால் பிடித்து இழுத்தால் உறை முழுவதும் உருவி வந்து, நடுவில் நூல் போன்ற நார் மட்டும் எஞ்சும். அப்படிப்பட்டவற்றை அகற்றிவிட்டு, மிஞ்சிய வேர்கள் அடங்கும் அளவுக்குச் சிறிய தொட்டியில், புதிய மரப்பட்டைத் துண்டுகளை இட்டு நடுங்கள். கத்தரிக்கோலை முன்னதாக நெருப்பில் காட்டிச் சுத்தம் செய்வது அவசியம். சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ்கள் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கு வெட்டும் கருவி வழியாகவே பெரும்பாலும் பரவுகின்றன.

மறுமொழி (நிழற்குடில்):

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். விற்பனைக்கு வரும் பல செடிகளில், நாற்றாக இருந்தபோது வைத்த ஸ்பாக்னம் பாசி உருண்டை வேர்களின் நடுவே அப்படியே இருக்கும். மேற்புறம் காய்ந்து தெரிந்தாலும் உள்ளே அது ஈரமாகவே கிடக்கும். அதைப் பொறுமையாகப் பிரித்தெடுங்கள். வெட்டிய இடத்தில் சமையலுக்குப் பயன்படும் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவும் பழக்கம் பலரிடம் உண்டு. நல்ல வேரின் மீது பட்டால் அது அந்த வேரையும் உலர்த்திக் கெடுத்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி, நாள் கணக்கு வைத்து ஊற்ற வேண்டாம். ஒளி ஊடுருவும் தொட்டியாக இருந்தால், உள்ளே வேர்கள் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிய பிறகு, காலை வேளையில் நன்றாக ஊற்றி, முழுவதும் வடியவிட்டு, அதன் பின்னரே பீங்கான் தொட்டிக்குள் வையுங்கள். அதன் அடியில் தேங்கும் நீரே பல செடிகளுக்கு எமனாகிறது. இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தச் செடி ஒரே குருத்திலிருந்து மேல்நோக்கி வளர்வது, அது அழுகினால் பிழைப்பது அரிது.

கேள்வி கேட்டவர் (புதுத்தளிர்):

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே நடுவில் ஈரமான பாசி உருண்டை இருந்தது. அதைச் சுற்றியிருந்த வேர்கள் அனைத்தும் உருவிக்கொண்டு வந்துவிட்டன. விளிம்பை ஒட்டியிருந்த சில வேர்கள் மட்டும் கெட்டியாக உள்ளன. பழைய பூந்தண்டு இன்னும் பச்சையாகவே நிற்கிறது. அதை விட்டுவைக்கலாமா? உரம் இட்டால் விரைவில் தேறுமா?

மறுமொழி (வேர்விரும்பி):

பூந்தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். வலுவான செடியாக இருந்தால் ஒரு கணுவுக்கு மேலே வெட்டி, கிளைத்துப் பூக்கிறதா என்று பார்க்கலாம். வேர் இழந்த செடிக்கு அது வீண் சுமை. உரமும் இப்போது வேண்டாம், உப்பு தேங்கி மிஞ்சிய வேர்நுனிகளையும் கருக்கிவிடும். பச்சை நுனியுடன் புதிய வேர் கிளம்பிய பிறகு, குறிப்பிட்ட அளவில் கால் பங்காக நீர்த்த உரத்தைக் கொடுக்கத் தொடங்கலாம். சுருங்கிய இலைகள் பழைய நிலைக்கு முழுவதுமாகத் திரும்பாமல் போகலாம், அதற்காக அவற்றைக் கிள்ளிவிடாதீர்கள். செடி இப்போது அவற்றில் உள்ள சேமிப்பைக் கொண்டுதான் வாழ்கிறது.

மறுமொழி (நிழற்குடில்):

இடத்தையும் மாற்றுங்கள். நேர்வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள சன்னலோரம் வேண்டும். இலை கரும்பச்சையாக மாறினால் வெளிச்சம் போதவில்லை என்று கொள்ளலாம். செடி தேறிய பின், பூந்தண்டு விடுவதற்கு வெப்பம் சில வாரங்கள் தொடர்ந்து 26 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். 28 டிகிரிக்கு மேல் நீடித்தால், இலை செழித்தாலும் தண்டு வராது. மொட்டு விட்ட செடியின் அருகில் பழுக்கும் கனிகளை வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயுவால் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.