மறு: மறு: எஃபிசியன்சிக்கு ஒரு சொல் (திங்கட்கிழமைக்குள்)

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பிளஸ் டூ பொருளியலுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். வளரும் நாடுகளில் எந்த நாடு உழைப்பையும் மூலதனத்தையும் வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்று அளக்கும் பாடம். பொருளியலாளர் ஃபாரெல் 1957இல் சொன்ன வழிதான்: இருப்பவர்களில் நன்றாகச் செய்பவர்களை இணைத்து ஒரு கோடு, மற்றவர்கள் அதற்கு எவ்வளவு பின்னால் என்பது அளவு. வகுப்பில் வயலை வைத்துச் சொன்னேன். அதே ஆழியாற்றுத் தண்ணீர், அதே உரம், அதே ஆள். ஒருவருக்கு 40 மூட்டை, பக்கத்து வயலில் 32. பக்கத்து வயல்காரருக்கு 32/40, அதாவது 0.8. புரிந்துகொண்டார்கள். இந்த எஃபிசியன்சிக்குத் தமிழ்ப் பெயர்தான் இல்லை. 'திறன்' என்றால் இயற்பியல் சார் சண்டைக்கு வருகிறார், அவருக்கு அது பவர்.

செங்கோட்டை:
அவர்களிடமே 'பயனுறுதிறன்' இருக்கிறதே. வெப்ப எந்திரத்துக்கு ஆகும், நாட்டுக்கு ஆகாதா?

யாழ்ப்பாணம்:
எங்களுக்கு வினைத்திறன். பவர் 'வலு'. சண்டையே இல்லை.

தேவிகுளம்:
இங்கே பிள்ளைகள் காதில் விழுவது மலையாளக் 'காரியக்ஷமத'. 'காரியத்திறன்' என்று வையுங்கள், பாதி தெரிந்த சொல்.

செங்கோட்டை:
காரியம் வடசொல். தவிர, எங்கள் ஊரில் காரியம் என்றால் பதினாறாம் நாள்.

குப்பம்:
கோட்டுக்கு என்ன பெயர்? 'எல்லை' வேண்டாம், 'வரம்பு' நல்லது. மலையாளத்தில் வயல் வரப்பே வரம்புதான். மெல்லினம் வலித்து நமக்கு வரப்பு. வரை, வரைதல், வரையறை எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. மலைக்கு வரை என்று பெயர் வந்ததும்...

தேவிகுளம்:
ஐயா, மலை ஏறிவிட்டீர்கள். ஆழியாற்றில் 'அதே தண்ணீர்' எங்கே வருகிறது? பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி...

மட்டுறுத்துநர்:
தண்ணீருக்குத் தனி இழை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வரம்பு எடுத்துக்கொண்டேன், நன்றி. அதை வைத்தே கேட்கிறேன்: புது விதை வந்து வரப்பே தள்ளிப்போனாலும் உற்பத்தித்திறன் கூடும், பழைய வரப்பை நெருங்கினாலும் கூடும். எனக்குச் சொல் வேண்டியது நெருங்குவதற்கு மட்டும். மலையாளத்தில் உத்பாதனக்ஷமத, காரியக்ஷமத, இரண்டிலும் க்ஷமத. பிள்ளைகள் குழம்புவதே அங்கேதான். தமிழிலும் இரண்டிலும் 'திறன்' வந்தால் அதே கதை.

யாழ்ப்பாணம்:
அப்படியானால் திறனை விட்டு 'வரம்பணுக்கம்', வரம்புக்கு நெருக்கம்?

செங்கோட்டை:
அணுக்குண்டு மாதிரி இருக்கிறது.

மட்டுறுத்துநர்:
வாக்குகள்: பயனுறுதிறன் 4, வினைத்திறன் 2, காரியத்திறன் 1.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
சரி, பயனுறுதிறன் என்றே போடுகிறேன். குழப்பம் தீரவில்லை, அச்சகம் காத்திருக்காது.

தேவிகுளம்:
போடுங்கள். என் வகுப்பில் காரியத்திறன்தான்.