மடிக்கணினி கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்யலாமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மடிக்கணினி. கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் வேகத்தை 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டி ஓவர்கிளாக் செய்தால், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) சீக்கிரம் முடியும் என்கிறான் நண்பன். மதியத்தில் இப்போதே கார்டின் சூடு 85 டிகிரி காட்டுகிறது. கூட்டலாமா?

நகரித்தறி: வேண்டாம் தம்பி. 3050 என்பது பெயரளவில்தான் ஒன்று. தயாரிப்பாளர் வைத்தபடி அது 35 வாட்டிலும் ஓடும், 80 வாட்டிலும் ஓடும். அந்த வரம்பு பெரும்பாலான மடிக்கணினிகளில் பூட்டியே இருக்கும். வாட் கூடாமல் வேகம் மட்டும் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்குப் பாலக்காட்டு வெயில். 2016 ஏப்ரலில் 41 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கிறதா?

கணவாய்க்காற்று: அண்ணா, வாட் பூட்டியிருப்பதால்தான் பலனே. எந்த வோல்ட்டுக்கு எவ்வளவு வேகம் என்று சிப்புக்கு ஒரு வரைகோடு உண்டு. 150 கூட்டினால் அந்தக் கோடுதான் மேலே நகர்கிறது. முன்பு 1500-ல் ஓடிய அதே வோல்ட்டில் இப்போது 1650-ல் ஓடும். மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவதால், வோல்ட்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் அதே வாட்டுக்குள் வேகம் கூடும்.

வாளையார்வாசி: 2015 தொடக்கத்தில் 900எம் வரிசை கார்டு உள்ள மடிக்கணினிகளில் ஓவர்கிளாக் வசதியை, கார்டைத் தயாரிக்கும் என்விடியாவே டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வழியாக அடைத்தது. சும்மாவா அடைத்தார்கள்?

கணவாய்க்காற்று: வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும், அந்த வசதியைத் திருப்பித் தருகிறோம் என்று உடனே அறிவித்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நகரித்தறி: வோல்ட் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் சிப்புக்குச் சிப் குணம் வேறு. எந்தச் சிப்பும் தடுமாறாமல் ஓடட்டும் என்றுதான் தொழிற்சாலையில் கொஞ்சம் வோல்ட்டைக் கூட்டி வைக்கிறார்கள். நீங்கள் கை வைப்பது அதில். விளையாட்டு நடுவில் நின்றால் மறுபடி தொடங்கலாம். முகூர்த்த வீடியோ முக்கால்வாசி ரெண்டர் ஆனபின் டிரைவர் விழுந்தால்? தாலி கட்டும் ஃபிரேமில் பச்சைக் கட்டம் விழுந்தால் பெண் வீட்டார் விடுவார்களா?

கணவாய்க்காற்று: அதற்குத்தான் ஒரேயடியாக 150 போகாமல் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். கார்டின் மெமரி வேகத்தைத் தொடவே வேண்டாம். பழைய ஆல்பம் ஒன்றை மதிய வெயிலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புது வேலையை எடுக்கலாம். காலைக் குளிரில் தாங்கியது மதியம் தாங்காது.

நகரித்தறி: முதலில் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. விசிறிக்கும் சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு கம்பளித் துண்டுபோல அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஊதினால் அசையாது. உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்றும் புழுதியைத்தானே கொண்டுவருகிறது. அடைப்பை எடுக்காமல் ஆஃப்டர்பர்னரைத் திறப்பது வீண்வேலை.

கணவாய்க்காற்று: அதில் சண்டையில்லை. சுத்தம் செய்தபின் 50 கூட்டிப் பார்க்கட்டும்.

நகரித்தறி: முன்பணம் வாங்கிய வேலை முடியும்வரை ஐந்துகூட வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: இரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிறு வேலை இல்லை, அன்று திறக்கிறேன். என்ன திருப்புளி வேண்டும்?

நகரித்தறி: பெரும்பாலும் சிறிய பிளஸ் முனை போதும். திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது தம்பி. எது எந்த ஓட்டை என்று தாளில் குறித்துக்கொள். பிரஷ் போடும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்.