பேப்பர் போடுவது சம்பளத்துக்காகவா, மேலாளராலா?

மூன்றாம்மாடி:
எங்கள் டீமில் இன்னொருவரும் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா. எக்ஸிட் இன்டர்வியூவில் "நல்ல வாய்ப்பு கிடைத்தது" என்று சொன்னாராம், எச்ஆரும் அப்படியே பதிந்துகொண்டார்கள். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை யார் உண்மையைச் சொல்வார்கள்?

நடந்தது இதுதான். அவர் ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்த அறிக்கையை மேலாளர் தன் பெயரில் மேலிடத்தில் காட்டினார். முதல் பக்கத்தில் பெயரை மாற்றியவர், உள்ளே என்ன இருக்கிறது என்று புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஓர் அட்டவணையில் கூட்டல் தப்பாக இருப்பதை யாரோ காட்டியதும், "டீம் பசங்க சரியா பார்க்கலை" என்றார். பாராட்டு அவருக்கு, பிழை மட்டும் பசங்களுக்கு. ஆட்கள் சம்பளத்துக்காகத்தான் போகிறார்கள் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

கணக்கன்:
அந்த ஆள் செய்தது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை. ஆனால் அதை வைத்துப் பொதுவிதி எழுதாதீர்கள். 1913-ல் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஆட்கள் விலகும் விகிதம் ஆண்டுக்குச் சுமார் 370 சதவீதம். ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் தினக்கூலியை 5 டாலர் என்று அறிவித்தார்கள், முன்பு கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. விலகல் மளமளவென்று குறைந்தது. வேலை அதே சலிப்பான வேலைதான், ஃபோர்மேன்களும் (தொழிலாளர்களை மேய்க்கும் மேற்பார்வையாளர்கள்) ஒரே இரவில் தங்கமாக மாறிவிடவில்லை. காசு பேசியது, அவ்வளவுதான்.

கோப்புக்காரி:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள், கணக்கன். 1913 அக்டோபரிலேயே, அதாவது 5 டாலர் கூலிக்கு முன்பே, ஃபோர்மேன் நினைத்த மாத்திரத்தில் ஆளை விரட்டும் அதிகாரத்தைப் பிடுங்கித் தனிப் பிரிவிடம் கொடுத்தார்கள். ஃபோர்மேன் பிரச்சினையே இல்லை என்றால் நிர்வாகம் எதற்காக அதில் கை வைக்க வேண்டும்?

கூகுளையும் பாருங்கள். 2002-ல் பொறியாளர்களுக்கு மேலாளர்களே வேண்டாம் என்று எடுத்துப் பார்த்தார்கள். செலவுக் கணக்கும் சண்டை சச்சரவும் நேராக நிறுவனர் லாரி பேஜிடம் போய் நின்றன. சில மாதங்களில் பழையபடி மேலாளர்கள் வந்துவிட்டார்கள். பிறகு 2008 வாக்கில், மேலாளர் நல்லவரோ மோசமோ பெரிய வித்தியாசமில்லை என்று நிரூபிக்கத்தான் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். முடிவு நேர்மாறாக வந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய மேலாளர்களின் குழுவை விட்டு ஆட்கள் குறைவாகவே போனார்கள். கூகுளில் சம்பளம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம்.

நடுவில்மாட்டியவன்:
நானும் மேலாளர்தான், கல்லெறிய நினைப்பவர்கள் எறியலாம். ஹைக், அதாவது சம்பள உயர்வு, எவ்வளவு என்பது மேலே முடிவாகி எக்செல் தாளாக வருகிறது. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். உயிரைக் கொடுத்து உழைத்தவன் எதிரில் உட்கார்ந்து "இவ்வளவுதானா சார்?" என்று கேட்கும்போது, நானே நம்பாத காரணத்தைச் சொல்லி அனுப்புகிறேன். அவன் போனால் பழி என் தலையில்.

அப்புறம், என்னை ஏன் மேலாளராக்கினார்கள்? புரோகிராம் கோடு நன்றாக எழுதினேன் என்பதற்காக. ஆட்களை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அமெரிக்க விற்பனைப் பணியாளர்களை வைத்து 2019-ல் வந்த ஓர் ஆய்வு இதையே சொல்கிறது: அதிகம் விற்றவர்களைப் பார்த்து மேலாளராக்கினார்கள், அப்படி ஆனவர்களின் கீழே இருந்தவர்களுடைய விற்பனைதான் அடிவாங்கியது.

மூன்றாம்மாடி:
சார், ஹைக் உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். செய்தவன் பெயரை அழிக்காமல் விடுவதற்கு எந்த பட்ஜெட் வேண்டும்? லீவு கேட்டால் இல்லை என்றாவது உடனே சொல்லலாமே, கடைசி நாள்வரை பெண்டிங்கில் தொங்கவிடாமல். பத்து பேர் முன்னால் திட்டாமல் தனியாகக் கூப்பிட்டுத் திட்டலாம். இதற்கெல்லாம் மேலிடத்து அனுமதி தேவையா?

நடுவில்மாட்டியவன்:
தேவையில்லை. அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை.

கணக்கன்:
சரி, இவ்வளவு மோசமென்றால் மீதிப் பேர் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்?

கோப்புக்காரி:
இருக்கிறார்கள் என்பதை வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? இப்படிப்பட்ட இடத்தில் முதலில் போவது வெளியே விலை உள்ளவர்கள். மீதிப் பேர் ஒவ்வொன்றாகக் கைவிடுவார்கள். கூட்டத்தில் கேள்வி நிற்கும். மேலாளர் சொன்ன தேதிக்குள் வேலை முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் போன தடவை திறந்தவருக்கு "நெகட்டிவ் ஆட்டிட்யூட்" என்று அப்ரைசலில் எழுதினார்கள். புதிதாக வருபவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இந்த நிலைமையில்தான் "அட்ரிஷன் (ஆட்கள் விலகும் விகிதம்) குறைந்திருக்கிறது" என்று நிர்வாகம் கேக் வெட்டியது. வெளியே வேலை கிடைக்காத காலம் அது, அதனால்தான் யாரும் நகரவில்லை. சந்தை கொஞ்சம் திறந்ததும் பாதி டீம் காலி.

கணக்கன்:
அதாவது சந்தை திறந்ததும் போனார்கள். நான் சொல்வதும் அதுதானே? மூன்றாம்மாடி, நீங்கள் ஏன் இன்னும் போகவில்லை?

மூன்றாம்மாடி:
ஓர் ஆஃபர் வந்தது, சம்பளம் இதைவிடக் குறைவு. வீட்டுக்கடன் இருப்பதால் எடுக்கவில்லை. இந்தப் பாயிண்ட் உங்களுக்கே, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பெல்லாம் சர்வர் விழுந்தால் நடு இரவிலும் நானாக எழுந்து பார்ப்பேன். இப்போது ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடினால் மறுநாள் காலையில்தான் திறக்கிறேன்.

கணக்கன்:
ஆறு மணிக்கு மூடுவது குற்றமா என்ன? சம்பளம் அதுவரைக்கும்தானே.